வரிசைப் படமும் அதன் சம்பிரதாயங்களும்

டெலிபோனில் அழைத்தவர், மணி நெடுநேரம் அடித்தும் எவரும் எடுக்கவில்லையே என்று சலித்து ரிஸீவரை வைக்கிற அதே கணத்தில், மறுமுனையில் ஒருவர் ஓடிவந்து எடுத்துவிடுகிறார். ‘வைத்தாயிற்று’ என்ற சேதி ஓர் எக்ஸ்சேஞ்சிலிருந்தும் ‘எடுத்தாயிற்று’ என்ற சேதி மற்றதிலிருந்தும் புறப்பட்டு நடுவழியில் ஒன்றையொன்று கடந்துபோக, பேச்சே நடவாத இந்த அழைப்புக்குக் கட்டணம் உண்டா என்ற விவகாரம் பிறக்கிறது. வசனத்தில் விவரித்தால் தலையைச் சுற்றும் இச்சிக்கல், இரண்டு செங்குத்துக் கோடுகளை இறக்கி, நடுவே இரண்டு சாய்ந்த அம்புகளைக் குறுக்கிட விட்டால், ஒரே பார்வையில் விளங்கிவிடுகிறது.

மென்பொருளாளர் இன்று ‘சீக்வென்ஸ் டயகிராம்’ என்று வழங்கும் படத்தின் பூர்வீகம் இதுதான். காலம் மேலிருந்து கீழே இறங்குவதாகவும், பங்குகொள்ளும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் உயிர்க்கோடு உண்டென்றும் வைத்துக்கொண்ட டெலிபோன் சம்பிரதாயம், 1990-களின் தொடக்கத்தில் இஸட்.120 என்ற சர்வதேச விதியாயிற்று.

ஸ்வீடனின் எரிக்ஸன் கம்பெனியில் தொழில் பயின்ற ஐவார் ஜேகப்சன், 1992-ல் வெளியிட்ட தமது நூலில், இப்படத்தைப் புரோகிராமுக்குள் இயங்கும் ஆப்ஜெக்டுகளின் உரையாடலுக்குக் கொண்டுவந்தார். அவருடைய நூலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி, படத்தின் வடிவத்தைக் கொண்டே குணதோஷம் காணும் முறை. அம்புகள் யாவும் ஒரே கோட்டிலிருந்து கிளம்பிப் பல திசைக்கும் சென்று திரும்பினால் அது ‘கவை’. ஒருவர் அடுத்தவரை ஏவ, அவர் தமக்கு அடுத்தவரை ஏவ, இறங்கிக்கொண்டே போனால் அது ‘படி’. வேலைகளின் வரிசை பின்னால் மாறக்கூடுமாயின் கவையும், அவை ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தவையாயின் படியும் பொருந்தும் என்பது அவர் அபிப்பிராயம். எல்லா அதிகாரத்தையும் தன்னிடமே வைத்துக்கொண்ட குமாஸ்தாவைப் போன்ற ஓர் ஆப்ஜெக்டைக் கவைப்படம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அதே துறையினரான ரம்பா என்பவர் 1991-ல் ‘ஈவென்ட் டிரேஸ்’ என்ற பெயரால் இதனையே கையாண்டார். அவரும், பூச் என்ற மற்றொரு நிபுணரும், ஜேகப்சனும் ஒரே கம்பெனியில் சேர்ந்ததன் பலனாய்ப் பிறந்த யூ.எம்.எல். என்ற வரைபட மொழி 1997-ல் பொது விதியாயிற்று. பதிலுக்குக் காத்திருக்கும் அழைப்புக்கு முனை நிறைந்த அம்பு, சொல்லிவிட்டுத் தன் காரியத்தைப் பார்க்கப் போகும் சேதிக்குத் திறந்த முனை, பதிலுக்கு விட்டுவிட்டு இட்ட கோடு என்பவை இப்போதைய லட்சணங்கள்.

2005-ல் வந்த இரண்டாம் யூ.எம்.எல்., டெலிபோன் மரபிலிருந்தே கடன்பெற்று, ‘ஆல்ட்’ (மாற்று வழி), ‘லூப்’ (திரும்பத் திரும்ப), ‘பார்’ (ஒரே சமயத்தில்) முதலிய கட்டங்களைப் படத்துக்குள் புகுத்தியது. ஒரு கட்டம் தகும். கட்டத்துக்குள் கட்டமாக நான்கு வந்துவிட்டால் அது புரோகிராமையே பெட்டி வரைந்து எழுதுவதாகும் என்பது என் கட்சி. அதற்குப் பதில் மூன்று தனிப் படங்களை வரையலாம். இவ்வகைப் படங்கள் ‘நிகழக்கூடும்’ என்பதையும் ‘நிகழ்ந்தே தீர வேண்டும்’ என்பதையும் பிரித்துக் காட்டாத குறையை நீக்க, கணினி அறிஞர்களான டாமும் ஹாரெலும் வகுத்த தனி மரபு ஆராய்ச்சியாளரிடம் மதிப்புப் பெற்றதே தவிர, அலுவலகப் பலகைகளில் அதனை நான் கண்டதில்லை.

எழுத்தைத் தந்தால் படத்தைத் தரும் பிளான்ட்-யூ.எம்.எல்., மெர்மெய்ட் ஆகிய கருவிகளிடமே இப்போது பெரும்பாலோர் வேலையை ஒப்படைத்திருக்கிறார்கள். நானும் ஒப்படைக்கிறேன், ஆயினும் சாக்பீஸ் கையில் அகப்பட்டால், இரண்டு இயந்திரங்களுக்கிடையே செல்லும் அம்பைச் சற்றுச் சாய்த்தே இழுக்கிறேன்.