திருத்த வரலாறும் எண்ணளவையும்

கட்டற்ற மென்பொருளின் இயல்பைக் கற்பிப்போருள் சிலர், பலர் கூடி ஆக்கும் முறையினைப் புள்ளிவிவரங்களால் விளக்குவர். தமிழ் மாணவர்க்கு, 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இதற்கேற்ற களமாகும். அதனை இயக்கும் மீடியாவிக்கியும் கட்டற்ற மென்பொருளே. ஆங்கு ஒவ்வொரு பக்கத்திற்கும் திருத்த வரலாறு உண்டு. யார், என்று, எத்தனை பைட்டு கூட்டினார் அல்லது குறைத்தார் என்பதனை அது காட்டும். பாடவேறுபாடுகளைக் குறித்துப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் வழிவந்தோர்க்கு இது முற்றும் புதுமையன்று.

ஆயினும் எண் ஒன்றையே கொண்டு உழைப்பை மதித்தல் பொருந்துமா என்பது ஆராயற்பாலது. சிவகாசி இருப்பது இராமநாதபுரம் மாவட்டத்தில் என ஒருவர் பழைய நூல் நோக்கி எழுதினார் எனக் கொள்வோம். 1985இல் மாவட்டம் பிரிந்தமை அறிந்த பிறிதொருவர் அதனை விருதுநகர் என மாற்றுகிறார். யூனிகோடு யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு ஆதலின், அவர் பணி ஆறு பைட்டுக் குறைவாகவே பதிவாகும். பிழை செய்தவர் கணக்கு உயர, பிழை களைந்தவர் கணக்கு தாழ்கின்றது. திருத்தங்களின் தொகையை அளவாகக் கொள்ளினும் குறை தீராது. காற்புள்ளி இட்டதும் கட்டுரை முழுதும் வரைந்ததும் ஆங்கு ஒவ்வொன்றே. பிரித்தெண்ணாவிடின் தானியங்கிகளின் திருத்தங்களும் உடன் சேரும்.

சிவகாசி அச்சகங்களில் மெய்ப்புத் திருத்துவோர் நிலையும் இத்தகையதே. பிழையின்றி முடிந்த நாட்காட்டியில் அவர்தம் கை புலப்படுவதில்லை. திருத்த வரலாறோ அக்கையைக் காக்கின்றது. அதனை எண்ணாக மட்டும் சுருக்கின் அப்பயன் கெடும். எனவே, திருத்தத்தைப் படித்து அதன் காரணத்தை வினவ மாணவரைப் பழக்குதலே ஆசிரியர் கடன் என்பது எம் துணிபு.