ஜாஸ் பேஸின் வால்யூம் நாப் வெறும் வால்யூம் அல்ல

ஃபெண்டர் ஜாஸ் பேஸின் வயரிங்கை மாற்றப் போகிறேன் என்று யாராவது சொன்னால், அடுத்த பேச்சு பெரும்பாலும் கபாசிட்டரைப் பற்றித்தான் இருக்கும். எண்ணெயில் ஊறிய காகித வகையா, ஆரஞ்சு நிறத்தில் வருவதா, எவ்வளவு பணம் போடலாம்? என்னைக் கேட்டால் அந்தக் கருவியில் கடைசியாகக் கைவைக்க வேண்டிய இடம் அது.

டோன் நாப்பை முழுசா திறந்து வாசிப்பவருக்கு அந்தக் கபாசிட்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான். 0.047 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் 1000 ஹெர்ட்ஸில் காட்டும் தடை சுமார் 3.4 கிலோ ஓம். அதோடு வரிசையில் டோன் கன்ட்ரோலின் 250 கிலோ ஓம் நிற்கிறது. நாப்பை மூட மூடத்தான் கபாசிட்டருக்கு வேலை வரும். அப்போதும் காதில் விழுவது அதன் மதிப்பு, உள்ளே வைத்த பொருள் அல்ல.

ஜாஸ் பேஸின் குணம் இரண்டு வால்யூம்களும் சேரும் இடத்தில் இருக்கிறது. 1960இல் வந்த முதல் வடிவத்தில் அடுக்கு நாப்கள் இருந்தன: ஒவ்வொரு பிக்அப்புக்கும் தனி வால்யூம், தனி டோன். ஒன்றின் மாற்றம் மற்றதைப் பாதிக்காமலிருக்க நடுவில் 220 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். கழுத்துப் பக்கம் மந்தமாகவும் பாலத்துப் பக்கம் கூர்மையாகவும் வைக்கலாம் என்பது அருமையான யோசனை. ஆனால் அந்த ரெசிஸ்டர்கள் சத்தத்திலும் ட்ரெபிளிலும் கொஞ்சம் தின்றுவிடும். ஓரிரு வருடத்தில் இன்று பழகிய மூன்று நாப் வந்தது: வால்யூம், வால்யூம், பொதுவாக ஒரு டோன்.

இந்த மூன்று நாப் வயரிங்கில் பிக்அப்பின் வயர் வால்யூம் கன்ட்ரோலின் நடுக் காலுக்குப் போகிறது, வெளியீடு ஓரக் காலிலிருந்து. அதனால் ஒன்றை முழுசா மூடினாலும் மற்றது கேட்கும். இதற்கு விலை உண்டு. பாதி மூடும்போது பிக்அப் நேரடியாகக் குறைந்த தடையைச் சுமக்கிறது, ட்ரெபிள் போய்விடுகிறது. இது பிடிக்காமல் அந்த இரண்டு வயர்களையும் இடம் மாற்றுபவர்கள் உண்டு. ட்ரெபிள் ஓரளவு தங்கும், சரி. ஆனால் ஒரு வால்யூமைச் சுழியத்துக்குக் கொண்டுபோனால் பேஸ் மொத்தமும் ஊமை. பாலத்துப் பிக்அப்பை மட்டும் வைத்து வாசிக்க நினைப்பவருக்கு (ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸ் ஒலி பெரும்பாலும் அங்கிருந்துதான்) இது சரிப்படவே படாது.

இன்னொரு குறை, இரண்டையும் முழுசா திறந்துவிட்டு ஒன்றை லேசாகக் குறைத்தால் சத்தம் குறையாமல் நடு அலைவரிசை முன்னே வந்து நிற்பது. பலர் இதைப் பழுது என்றே நினைக்கிறார்கள். இரண்டும் முழுசா திறந்திருக்கும்போது பிக்அப்கள் ஒன்றையொன்று இழுத்துச் சராசரியாக ஒலிக்கின்றன, நடு அலைவரிசையில் கொஞ்சம் ரத்தும் ஆகின்றன. ஒன்றுக்கு முன்னால் சிறு தடை வந்ததும் மற்றதுக்கு விடுதலை. கூடவே ‘ஹம்’ தலைகாட்டும். காரணம், சுற்றும் காந்தமும் எதிரெதிராக உள்ள அந்த ஜோடி சமமாக இருந்தால்தான் இரைச்சலை அடக்கும். ஆக, வால்யூம் என்று நாம் சொல்லும் நாப் ஒலியின் நிறத்தையும் இரைச்சலையும் சேர்த்தே திருப்புகிறது. இதைக் குறை என்று ‘திருத்தி’, மாஸ்டர் வால்யூமும் பிளெண்டும் போட்டவர்களுக்கு ஒரே கையில் சத்தத்தைக் குறைக்கும் வசதி கிடைக்கிறது. மேடையில் அது பெரிய வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் சுண்டு விரலால் தொட்டுக் கண்டுபிடிக்கும் அந்த இடைப்பட்ட ஒலிகள் வேறு மாதிரி ஆகிவிடும்.

கட்டாயம் சால்டரிங் அயர்னை எடுத்தே ஆகவேண்டும் என்றால், முழுசா திறந்ததும் தொடர்பே அறுந்துபோகும் வகை டோன் கன்ட்ரோலைப் போடச் சொல்வேன். எல்லா நாப்பும் திறந்திருக்கும்போது பிக்அப்கள் காணும் சுமை சுமார் 83 கிலோ ஓம். டோன் கழன்றுகொண்டால் அது 125 ஆகும். மேல் ஸ்தாயியில் இது கேட்கும். பழைய கபாசிட்டர் அப்படியே இருக்கட்டும்.