யாருடைய காதுக்கு?

லண்டன் இசைக்கலைஞர் பெரியலின் ‘அன்ட்ரூ’ ஆல்பம் 2007இல் வந்தது. இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டால், தாளத்துக்கு நடுவே ‘க்ளிங்’ என்று ஏதோ உலோகம் தரையில் விழும். சாவிக்கொத்தா, சில்லறையா என்று வெகுநாள் குழம்பினேன். ‘மெட்டல் கியர் சாலிட்’ வீடியோ கேமில், சுட்டு முடித்த தோட்டாவின் வெற்றுக்கூடு கீழே விழும் ஓசை அது. அதே ஆல்பத்தின் ‘ஆர்க்கேஞ்சல்’ பாட்டில் ஏங்கும் குரல் அமெரிக்கப் பாடகர் ரே ஜேயுடையது. ‘ஒன் விஷ்’ என்ற அவருடைய காதல் பாட்டிலிருந்து சொற்களை வெட்டியெடுத்து, சுருதியை மாற்றி, பாடுவது ஆணா பெண்ணா என்றே பிடிபடாதபடி செய்திருக்கிறார் பெரியல்.

இதெல்லாம் தெரியாமலே அந்த ஆல்பம் எனக்குப் பிடித்திருந்தது. தெரிந்த பிறகும் பிடிப்பு குறையவில்லை. ஒளித்துவைக்கும் கலையின் உச்சம் என்று இதைத்தான் சொல்வேன். டிரம் மெஷினின் சுத்தமான தட்டல் விழவேண்டிய இடத்தில் தோட்டாக்கூடு விழுகிறது. மழை நின்ற தெருவில் யாரோ நடந்துபோவது போல இருக்கிறது. விடை தெரிந்தவனுக்கு மட்டும்தான் ரசனை என்ற கட்டுப்பாடு அதில் கிடையாது.

மின்னணு இசைக்கலைஞர் ஏபெக்ஸ் ட்வின் 1999இல் செய்தது வேறு மாதிரி. ‘விண்டோலிக்கர்’ இசைத்தட்டின் இரண்டாவது பாட்டுக்குக் கணிதச் சூத்திரம் ஒன்றையே பெயராகச் சூட்டினார். அதன் கடைசியில் கீச்சிடும் இரைச்சலை, ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் ஏற்றிப் பார்த்தால் பல்லிளிக்கும் முகம் ஒன்று தெரியும், அவர் முகமேதான். படத்தை ஒலியாக்கும் மெட்டாசிந்த் மென்பொருளின் கைங்கரியம். கண்டுபிடித்தவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள்: பழைய ரேடியோவில் ஸ்டேஷன் தேடும்போது வரும் கரகரப்புதான் மிச்சம். அவருடைய மற்ற பாட்டுகளை மாய்ந்து மாய்ந்து கேட்டவன் என்பதால் எனக்கு எரிச்சல் கொஞ்சம் கூடுதல்.

மாட்மோஸ் என்ற அமெரிக்க இரட்டையர் 2001இல் ஆல்பம் முழுவதையும் மருத்துவ ஒலிகளால் கட்டினார்கள். உடம்பிலிருந்து கொழுப்பை உறிஞ்சும் குழாயின் சத்தம் துள்ளலான தாளமாகிவிட்டது. காலாட்டிக்கொண்டே கேட்டுவந்தவன், அது என்ன சத்தம் என்று படித்ததும் காலை நிறுத்தினேன். ஒளித்தவர்களே வெளியே சொல்லியும்விட்டார்கள். அந்தத் திடுக்கிடலும் ஆல்பத்தில் ஒரு பகுதி.

அடுத்தவர் இசையை எடுத்து ஒளிக்கும்போதுதான் விஷயம் சிக்கலாகிறது. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1977இல் வெளியிட்ட ‘மெட்டால் ஆஃப் மெட்டால்’ இசையிலிருந்து சுமார் 2 விநாடித் தாளத்தை எடுத்து, 1997இல் சப்ரினா செட்லூரின் ‘நூர் மியர்’ பாட்டில் லூப்பாக ஓடவிட்டார் தயாரிப்பாளர் மோசஸ் பெல்ஹாம். வழக்கு பல வருடம் இழுத்தது. 2019 ஜூலை 29இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தந்த விளக்கம் இது: எவ்வளவு சிறிய துண்டானாலும் அனுமதி வேண்டும், ஆனால் கேட்கும் காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றிவிட்டால் அது நகல் ஆகாது.

பெரியல் போன்றவர்களின் உழைப்புக்கு இது நியாயம் செய்கிறது என்றே நினைக்கிறேன். அந்த அளவு உருமாறியதைத் திருட்டு என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. வெளிப்படையாக எடுத்தவர் காசு கட்ட வேண்டும். அரைத்துக் கரைத்தவர் எடுத்த இடத்தைச் சொல்லக்கூடத் தேவையில்லை.

அப்படியானால், அடையாளம் தெரிந்தால் மட்டும் உரியவருக்குப் பணம் போய்விடுகிறதா? 1969இல் வின்ஸ்டன்ஸ் குழுவின் ‘ஏமென், பிரதர்’ பாட்டில் டிரம்மர் கிரெகரி கோல்மன் ஆறேழு விநாடி தனியாக வாசித்தார். பிரிட்டனின் ஜங்கிள் இசைக்காரர்கள் அதை அடி அடியாக வெட்டி, வரிசை மாற்றி, வேகத்தைக் கூட்டி ஒரு வகைமையையே அதன்மேல் எழுப்பினார்கள். கேட்டுப் பழகியவர்கள் யாரும் அந்த ஸ்னேர் ஒலியைத் தவறவிட மாட்டார்கள். கோல்மன் 2006இல் வறுமையில் இறந்துபோனார். 2015இல் ரசிகர்கள் நன்கொடை திரட்டிச் சுமார் 24,000 பவுண்டைக் குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் கொடுத்தபோது, வாசித்தவர் உயிரோடு இல்லை. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அவருடைய கை ஒலித்தது. அவர் பெயர்தான் ஒளிந்திருந்தது.

தீர்ப்பில் வரும் அந்தக் ‘காது’ என்ற சொல்தான் எனக்கு இன்னமும் நெருடுகிறது. யாருடைய காது? பாடகி எம்.ஐ.ஏ.வின் ‘கலா’ ஆல்பத்தில் (2007) முதல் பாட்டு ‘பாம்பூ பாங்கா’. லண்டன் கிளப்பில் ஆடுகிறவருக்கு அது எங்கிருந்தோ வரும் முரட்டு மேளம். ஒருநாள் அதை வீட்டில் சத்தமாக வைத்தேன். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்: “டேய், இது தளபதி பாட்டுல்ல? ‘காட்டுக்குயிலு’?”