திருவழிபாட்டுப் பாடலும் அதற்குரிய அளவுகோலும்: ஜார்ஜ் புரோக்‌ஷ் அடிகளாரை முன்வைத்து

தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் வீரமாமுனிவரையும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையையும் விரித்துரைத்த அளவில் அமைந்துவிடுகின்றன. திருப்பலியில் மக்கள் பாடும் பாடலும் அதனை இயற்றும் குருவும் ஆய்வெல்லைக்குள் வருவதில்லை. பக்தி முயற்சி என ஒதுக்கப்படும் இத்துறைக்குத் தனி அளவுகோல் வேண்டும் என்பதை, மும்பை அந்தேரியில் ஞான ஆசிரமத்தை நிறுவிய இறைவார்த்தைச் சபைக் குரு ஜார்ஜ் புரோக்‌ஷ் அடிகளாரின் (1904–1986) பணியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

வீரமாமுனிவரும் புரோக்‌ஷும் அயல்நாட்டுக் குருமார். இருவரும் இம்மண்ணின் மொழியில் பாடியவர்கள். முன்னவர் 3615 பாடல்களில் தேம்பாவணியை யாத்துப் புலவரவையை நோக்கினார். பின்னவர் எளிய இந்தி பஜனையைத் தேர்ந்து கூடியிருக்கும் மக்களை நோக்கினார். இவ்வேறுபாட்டைத் திறமையின் ஏற்றத்தாழ்வாகக் கொள்வது பிழை. வீரமாமுனிவர் காலத்தில் திருப்பலியின் மொழி இலத்தீன். எனவே தமிழ்ப்பாட்டு பீடத்திற்கு வெளியிலேயே நின்றது. வேதநாயகம் பிள்ளையின் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளும் (1878) வழிபாட்டுச் சடங்கைக் கருதி எழுந்தவை அல்ல.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு தாய்மொழிக்கு வழிதிறந்தது. பாடலின் சொற்கள் பெரிதும் மறைநூலினின்றும் வழிபாட்டு நூல்களினின்றும் பெறப்பட வேண்டும் என்றும், பெரிய பாடகர் குழுவுக்கு மட்டுமன்றிச் சிறு குழுவுக்கும் மக்கள் அனைவருக்கும் பொருந்துவனவாகப் பாடல்கள் அமைய வேண்டும் என்றும் அது கூறுகிறது. புரோக்‌ஷோ இதற்கு முன்பே பஜனைகளை இயற்றத் தொடங்கிவிட்டார் என்பது கருதத்தக்கது.

பஜனையில் முன்பாடுவோர் ஓரடியைச் சொல்ல, மக்கள் அதனையே திருப்பிச் சொல்வர். ஏடு தேவையில்லை, எழுத்தறிவும் தேவையில்லை. கொங்கணி, மராத்தி, தமிழ் எனப் பல தாய்மொழியினர் கூடும் மும்பைக்கு இவ்வடிவம் இயைந்தது. கீர்த்தனையின் நிலை வேறு. பல்லவியை மக்கள் ஏற்பர். சரணத்தின் நீண்ட சந்தம் பயின்ற குரலிடமே தங்கிவிடும். மாட்டுங்காவின் சபா அரங்கில் அது குறையன்று. பீடத்தின் முன் குறையே.

ஆயினும் புரோக்‌ஷ் வழியை முழுதும் ஏற்பதற்கில்லை. அவரது ஆசிரம மரபு செவ்வியல் இசையையும் நடனத்தையும் வடமொழிச் சொல்வளத்தையும் இந்தியத்தன்மையின் அடையாளமாகக் கொண்டது. யாருடைய இந்தியத்தன்மை இது? 1980களில் வலுப்பெற்ற தலித் இறையியல் எழுப்பிய வினா இதுவே. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தாராவிக்குப் பெயர்ந்த உழைக்கும் மக்களின் செவிக்குப் பறையும் வில்லுப்பாட்டும் ஒப்பாரியுமே அண்மையவை. ஆசிரம பஜனையும் சபாக் கீர்த்தனையும் அவர்களுக்கு ஒருங்கே தொலைவானவை.

இவ்விடத்தில் சீர்திருத்தச் சபையைச் சார்ந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005) நினைக்கத்தக்கவர். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அவர், 'பரட்டை' என்னும் பெயரில் நாட்டார் இசையில் வழிபாட்டு முறையையே அமைத்தார். பாடுவோர் தம் சூழலுக்கேற்பப் பாடலை மாற்றிக்கொள்வதை அவர் உரிமையாகவே கருதினார். மூலபாடம் தேடிப் பழகிய நமக்கு இது இடர்தருவது. பாட்டேடுகள் பெரும்பாலும் சொல்லை மட்டுமே தருகின்றன. மெட்டும் தாளமும் மக்கள் செய்த மாற்றமும் அவற்றில் இல்லை. ஆய்வாளர் ஏட்டோடு ஒலிப்பதிவுக் கருவியையும் கொண்டு ஞாயிறு வழிபாட்டிற்குச் செல்லாமல் இப்பாடல்களுக்குப் பதிப்பு அமைவது அரிது.