அமிர்தியில் பொழிந்தது என்ன பனி?

மார்கழி பிறந்தால் போதும், வேலூர், ஆம்பூர் பக்கத்துச் செய்திகளில் ஒரு தலைப்பு தவறாமல் வந்துவிடும்: கடும் பனிப்பொழிவு, வாகன ஓட்டிகள் அவதி. அதே பக்கத்தில் காஷ்மீரிலும் கடும் பனிப்பொழிவு என்று இருக்கும். அங்கே வானத்திலிருந்து வெண்பனி விழுகிறது. இங்கே எதுவும் விழவில்லை. நம்மைச் சுற்றி மிதந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

‘பனி பெய்யுது’ என்று பேச்சில் சொல்வதை நான் குறை சொல்லவில்லை. எங்க வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம். முன்பனி, பின்பனி என்று ஆறு பருவங்களில் இரண்டைப் பனிக்கே கொடுத்த மொழி இது. என் பிரச்சினை வேறு. அந்தத் தலைப்பு ஒரு எச்சரிக்கை. எச்சரிக்கையில் இருக்க வேண்டிய ஒரே தகவல் அதில் இல்லை.

ஒரு ஜனவரி விடியற்காலையில் வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்திக்கு பைக்கில் போனேன். சுமார் 25 கி.மீ. தூரம். கணியம்பாடி தாண்டியபோது தூரத்து ஜவ்வாது மலை பென்சில் கோடு மாதிரி மங்கலாகத் தெரிந்தது. மலையடிவாரத்தில் ஓடையை ஒட்டிய இறக்கத்தில் இறங்கினேன். அடுத்த புளியமரமே தெரியவில்லை!

இரண்டு இடத்திலும் இருந்தது ஒன்றேதான்: காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த மண், மேகமில்லாத வானம், அசையாத காற்று. இரவில் தரை வெப்பத்தை இழக்க, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி துளிகளாகிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஓடைப் பக்கம் அடர்த்தி அதிகம்.

அப்போ வித்தியாசம் என்ன? வானிலையாளர்களுக்கு அது ஒரே ஒரு இஃப் கண்டிஷன். 1 கி.மீ.க்குக் குறைவாகத்தான் கண் எட்டுகிறது என்றால் மூடுபனி. அதைத் தாண்டியும் தெரிந்தால் வெறும் பனிமூட்டம். (இந்தப் பதிவில் இரண்டையும் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். செய்திகளில் இரண்டும் கலந்தே வருகின்றன.) இந்திய வானிலை ஆய்வு மையம் மூடுபனியையும் படிகளாகப் பிரிக்கிறது. 200 மீட்டருக்குள் என்றால் அடர்ந்தது, 50 மீட்டருக்குள் என்றால் மிக அடர்ந்தது. போகி அன்று சூழ்வது இன்னொரு வகை. அதில் புகையும் சேர்ந்திருக்கும்.

இந்த எண் ஏன் முக்கியம்? சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் நகரும். பார்வை 2 கி.மீ. இருந்தால் முன்னால் நிற்கும் லாரியை ஒன்றரை நிமிடம் முன்பே பார்க்கலாம். 50 மீட்டர்தான் என்றால் இரண்டே விநாடி. பிரேக் பிடித்து வண்டியை நிறுத்துவதற்கு அது போதாது. ஹை பீம் போட்டால் துளிகளில் பட்டு வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பும்.

இந்த இரண்டு நிலைக்கும் ‘கடும் பனிப்பொழிவு’ என்று ஒரே பெயர் வைத்தால், படிப்பவர் என்ன முடிவெடுப்பார்? நேற்றும் இதே தலைப்புதானே, ஒன்றும் ஆகலையே என்று கிளம்பிவிடுவார்.

எந்தச் சொல்லை வேண்டுமானாலும் போடுங்கள். கூடவே எத்தனை மீட்டர் தெரிகிறது என்று ஒரு எண் போடுங்கள். அது வரும்வரை நமக்குச் சாலையோரக் கிலோமீட்டர் கல் இருக்கிறது. ஒரு கல்லின் அருகே நிற்கும்போது அடுத்த கல் இருக்கும் இடத்து மரமோ கட்டடமோ தெரிகிறதா? தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள்.