வெளிநாட்டுப் படிப்பும் லயத்துத் தமிழும்

பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து உபகாரச் சம்பளம் பெற்றுத் தமிழகம் சென்று படிக்கும் என் பழைய மாணவியொருத்தி அண்மையில் மடல் எழுதியிருந்தாள். விடுதித் தோழியர் அவளை 'இலங்கைத் தமிழ் பேசிக் காட்டு' என்கிறார்களாம். பேசினால், 'இது எங்கள் திருச்சிப் பக்கத்துப் பேச்சல்லவா? நீ உண்மையாகவே இலங்கைதானா?' என்று ஐயுறுகிறார்களாம். 'சேர், யாழ்ப்பாணத் தமிழைப் பழகிக்கொள்ளட்டுமா?' என்று கேட்டிருந்தாள்.

சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று இது. நமது தமிழாராய்ச்சியும் விமர்சனமும் இதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவை.

ஈழத்துத் தமிழாராய்ச்சியின் திசையைத் திருப்பியவர்களிற் பலர் கடல் கடந்து கற்றவர்கள். லண்டனிற் கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து மீண்ட க. கணபதிப்பிள்ளை, 1940இல் வெளிவந்த 'நானாடகம்' என்னும் நூலில் வடமராட்சிப் பேச்சை நாடகத் தமிழாக்கினார். அதே லண்டனிற் பத்துப்பாட்டை ஆராய்ந்த சு. வித்தியானந்தன் பேராதனையிலே கூத்துக்கு மேடை தந்தார். 'இராவணேசன்' அரங்கேறியபோது மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். ஊரிற் பழகிய ஆட்டத்தைச் சர்வகலாசாலை மேடையில் ஆடும் பெருமிதம் ஒரு மாணவனுக்கு எத்தனை பெரிது! க. கைலாசபதி பேர்மிங்ஹாமிலே ஜோர்ஜ் தொம்சனிடம் கற்றார். புறப்பாடல்கள் வாய்மொழி மரபில் முகிழ்த்தவை என்னும் அவரது ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்டில் நூலாயிற்று.

கைலாசபதியின் ஆசிரியரைப் பற்றி இங்கே சற்று விரித்துச் சொல்லவேண்டும். தொம்சன் கேம்பிரிட்ஜிற் கிரேக்கம் பயின்றவர். 1923இல் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கற் தீவுக்குச் சென்று, ஏழை மீனவர்களிடம் ஐரிஷ் மொழியைக் கற்றார். அவர்களது அன்றாடப் பேச்சிலேயே கவிதையின் ஓசை இருக்கக் கண்டார். ஏட்டிலே கண்ட ஹோமரை அந்த மீனவர் வாயிலே கேட்டபோதுதான் அவருக்குக் கிரேக்கமே விளங்கிற்று. தீவின் இளைஞரொருவர் தம் வாழ்வை எழுதத் தூண்டுதலாயிருந்து, அந்நூல் 1933இல் வெளிவரவும் துணைநின்றார். அத்தீவிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டது 1953இல். வெளியூர்ப் படிப்பு என்றால் இதுவன்றோ!

தொம்சனின் முடிவுகளை நாம் ஏற்றுக்கொண்டோம். அவர் நடந்த வழியை எங்கே நடந்தோம்? பேராதனைச் சர்வகலாசாலையின் தலைக்குமேலே நிற்பது ஹந்தானைத் தேயிலை மலை. அங்குள்ள லயங்களில் ஒப்பாரியும் தாலாட்டும் உயிரோடிருந்த காலத்தில், நமது ஒப்பியல் ஆய்வு புறநானூற்றோடு நின்றது. தோட்டத்துக் காமன் கூத்துக்கு மட்டக்களப்புக் கூத்துக்குக் கிடைத்த மேடை கிட்டவில்லை. மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவர், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற தொழிற்சங்கவாதி சி. வி. வேலுப்பிள்ளை.

பேராசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. கைலாசபதியைப் படித்துத்தான் இக்குறையையே உணரக் கற்றேன். மீண்டு வந்தவர்கள் தத்தம் ஊரை நோக்கித் திரும்பினர். அவர்களுள் எங்கள் ஊரவர் இல்லை. 1945இன் இலவசக் கல்வி தோட்டப் பாடசாலையின் வாசலை மிதிக்கவில்லை. அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்றது எழுபதுகளிலேதான். ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடை தோளில் ஏறிய காலத்தில் லண்டன் எங்கே, லயம் எங்கே! (எங்கள் பாட்டன்மாரும் கடல் கடந்தவர்களே. ஆனால் அவர்கள் கையிலிருந்தது உபகாரச் சம்பளக் கடிதமன்று, கங்காணியின் கடன் துண்டு.)

லயத்துத் தமிழை ஆர்வத்தோடு கற்ற அந்நியர் ஒரு சாரார் உண்டு. அவர்கள்தாம் துரைமார். அவர்களுக்கென்றே வெல்ஸ் என்பவர் 1915இல் 'கூலித் தமிழ்' என்றொரு பாடநூல் எழுதினார். பதுளையைச் சேர்ந்த மு. நித்தியானந்தன் 2014இல் அதே சொல்லைத் தம் நூலுக்குத் தலைப்பாக்கி, அந்த ஏவல் மொழியைக் கூறுபோட்டுக் காட்டினார். தொம்சன் கற்றது கேட்பதற்கு; துரை கற்றது ஏவுவதற்கு.

நான் மட்டும் என்ன செய்தேன்? பதுளையில் இரவு வண்டி ஏறி நான் சென்று சேர்ந்த சர்வகலாசாலையே எனக்கு முதல் அந்நிய தேசம். பெயர் வேண்டாம். முதல் வாரத்தில் விரிவுரைக்கு நேரமாகிவிட்டதென்று சொல்ல வந்து, 'பெரட்டுக்கு நேரமாச்சு' என்றுவிட்டேன். அறை முழுதும் சிரித்தது. அதன்பின் பட்டம் பெறும்வரை எந்த ஊருக்கும் உரித்தல்லாத ஒரு தமிழைப் பேசினேன். அதைத்தான் புதிய சூழலுக்கு இசைந்து போதல் என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

ஆகவே மாணவிக்கு எழுதினேன்: யாழ்ப்பாணத் தமிழை வேண்டுமானால் ஆய்வுக்காகப் பழகு, ஒளிந்துகொள்வதற்காகப் பழகாதே, விடுமுறையில் வரும்போது உன் அம்மாயியின் ஒப்பாரியைப் பதிவு செய்.

மூன்று நாளிற் பதில் வந்தது. அம்மாயி பாடுவதிற் பாதி அவளுக்கே தெரியுமாம். விடுதியிற் பாட வெட்கமாம். கூடவே ஒரு குரற்பதிவையும் அனுப்பியிருந்தாள். மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில் மெல்லப் பாடியிருக்கிறாள். நான்காம் அடியில், யாரோ கதவைத் தட்டியதும், நிறுத்திவிட்டாள்.