ஆவணப்படுத்தலும் கூட்டு அறிவும்: ஒரு விமர்சனக் குறிப்பு

யாழ்ப்பாணப் பொது நூலகம், 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் இரவல் கொடுக்கத் தொடங்கிய புத்தகங்களிலிருந்து வளர்ந்தது. 1981இல் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவில் எவரும் இலவசமாகப் படிக்க வைத்துள்ளது. எமது சமூகத்தின் கூட்டுழைப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆயினும் அதில் எமது பங்கு என்ன? ரொறன்ரோவில் நாம் பணம் சேர்ப்பதில் சமர்த்தர். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத் தமிழ் இருக்கைக்காக 2018இல் தொடங்கிய முயற்சி 30 இலட்சம் டொலர் இலக்கை எட்டியது. பத்து டொலரும் ஆயிரம் டொலரும் ஒரே பெட்டியில் சேர்ந்துவிடும். அறிவு அப்படிச் சேராது. ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்த வேண்டும்.

1980களிலும் 90களிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் வந்த சிறுசஞ்சிகைகளை எடுங்கள். பலர் அச்சத்தினால் புனைபெயரில் எழுதினர். பக்கங்களைப் படம்பிடித்தால் தாள் தப்பும். எந்தக் கட்டுரை எதற்குப் பதில், எந்த இதழ் ஏன் நின்றது என்பவை எம்மவர் தலைகளில்தான் உள்ளன. பழைய இயக்கப் பகையால் அவற்றைப் பூட்டி வைத்திருக்கிறோம். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், மெஷின் எங்கே இறுகும் என்பதை முந்தைய ஷிப்ற் ஆள் அடுத்தவருக்குச் சொல்லாமல் போவதில்லை; அவரைப் பிடிக்காவிட்டாலும் சொல்வார். விரிவுரையாளனாக இருந்த காலத்தில் இப்படியொரு ஒழுங்கை நான் கண்டதில்லை.

1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். அங்கே ஒப்பிட மூலநூல் இருந்தது. எமது நினைவுகளுக்கு மூலப்பிரதி கிடையாது. ஒருவர் நினைவுக்கு மற்றவர் நினைவே மெய்ப்பு. எனவே ஒவ்வொரு சஞ்சிகைக்கும் அதில் எழுதிய மூவர் நால்வர், முரண்பட்டவர்களும் உட்பட, சேர்ந்து குறிப்பு எழுத வேண்டும். ஒத்துப்போகாத இடத்தில் இரு கூற்றுகளும் பதியப்படட்டும். உயிரோடிருப்பவரின் புனைபெயரை அவர் சம்மதமின்றி வெளியிடலாகாது.

இதை மறுப்போர் எழுதட்டும். ஆனால் தாமதிக்க வேண்டாம். அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு நிலவறைப் பெட்டிகளைத் தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள்தான் திறக்கப் போகிறார்கள்.